பதினோரு அம்புக்குறி

உடுமலை
5 மே 2025

அன்புத் தங்கை ஷாஸியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். லீவுக்கு வந்த உன் மகள் மஹ்னூர் நன்றாக இருக்கிறாள். கேட்காமலே இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்கிறாள். போனில் பேசினால் பக்கத்திலேயே வந்து நிற்கிறாள், அதனால்தான் காகிதம்.

ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை. பனியனில் ஓட்டையோ கறையோ இருந்தால் உங்கள் கம்பெனி செக்கிங்கில் சரிசெய்ய அனுப்பச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவீர்களே, அதை உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டு குளிக்க வந்தாள். தொடையில், காது மடலில், முதுகில் கை எட்டினவரைக்கும். விளையாட்டென்று சிரித்துக்கொண்டே உரித்தேன். தொடையில் ஸ்கேல் அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது.

"அம்மா அடிச்ச எடமுங்க பெரியம்மா. ஒட்டி வெச்சா சரி பண்ணிருவாங்கதானுங்க?" என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை!

நானும் அடித்து வளர்த்தவள்தான். திட்டவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். என்ன நடக்கிறது கண்ணு?

உன் அக்கா
ரஹ்மத்துன்னிசா

திருப்பூர்
9 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். யார் கேட்பது பாருங்கள்! அம்மா மவுத்தான பிறகு என்னைக் கரண்டியால் வெளுத்தது நீங்கள்தானே? கெட்டா போய்விட்டேன்? செக்கிங் சூப்பர்வைசராக நாற்பது பேரைக் கட்டி மேய்க்கிறேன். இவள் பொய் சொல்கிறாள், எதிர்த்துப் பேசுகிறாள். அவள் அத்தா குவைத்தில் உட்கார்ந்துகொண்டு "செல்லம் குடுக்காதே" என்கிறார். நான் கண்டிக்காமல் யார் கண்டிப்பது? பாசம் இல்லாமலா அடிக்கிறேன்?

இருபத்தைந்தாம் தேதி ஞாயிறு கொண்டுவந்து விடுங்கள். புத்தகத்துக்கு அட்டை போட வேண்டும்.

எத்தனை ஸ்டிக்கர் இருந்தது? சும்மாதான் கேட்கிறேன்.

தங்கை
ஷாஸியா

உடுமலை
13 மே 2025

ஷாஸியா கண்ணு,

பதினொன்று. உனக்கே தெரியாதா?

கெட்டா போய்விட்டேன் என்று கேட்டாயே, அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். போன பெருநாளன்று உன் பின்னால் நின்று, மேலே இருந்த டப்பாவை எடுக்கக் கை தூக்கினேன். சட்டென்று தலையை மறைத்தாய். முக்காட்டைச் சரிசெய்கிறாய் என்று நினைத்தேன். உன் காகிதம் வந்த பிறகுதான் உறைத்தது. முப்பத்தாறு வயதாகிறதே உனக்கு!

முதல் அடியிலேயே நீ திருந்தியிருப்பாய். அதுகூடத் தேவைதானா என்று இப்போது சந்தேகம். மற்றதெல்லாம் என் எரிச்சலுக்கு. அம்மா இல்லாத வீட்டில் எனக்கு ஆத்திரம், அகப்பட்டது நீ. என்னை மன்னித்துவிடு.

ஊருக்குப் போகலாமா என்று மஹ்னூரைக் கேட்டேன். "அம்மாக்குக் கோவமில்லாத நாளாப் பாத்துச் சொல்லுங்க பெரியம்மா" என்கிறாள். அப்படி ஒரு நாள் சொல், கூட்டி வருகிறேன். அதுவரை அனுப்பமாட்டேன்.

அக்கா

திருப்பூர்
19 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

என் பிள்ளையை அனுப்பமாட்டேன் என்று சொல்ல நீங்கள் யார் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பதினொன்றுக்கும் காரணம் எழுதிக் காட்டிவிடலாம் என்றிருந்தேன். வீட்டுப்பாடம் எழுதாதது, பால் கொட்டியது, பொய், எதிர்த்துப் பேசியது. நாலு. அதற்கு மேல் வரவில்லை அக்கா, எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஒரு நாள் நாங்கள் பார்த்து அனுப்பிய பனியன் லாட் குறையென்று திரும்பி வந்து, மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்தினார். அது ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அவள் என்ன செய்தாள் என்று தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அனுப்ப வேண்டாம். நான் வருகிறேன், கூட்டிப்போக இல்லை. மீதி ஏழும் எதற்கென்று அவளுக்குத் தெரிந்திருக்கும், கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் வரலாமா என்று முதலில் அவளைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

ஷாஸியா