இடுப்பு உயரப் பாத்தி

அக்டோபர் 6, திங்கள்

விடிந்ததுமே வெயில். வெம்பக்கோட்டைப் பக்கம் மேகம், இங்கே ஒரு பொட்டு இல்லை. கொத்தனார் வேலை பார்க்கும் என் தம்பி வந்து கொல்லையில் மேட்டுப்பாத்தி கட்டி முடித்தான். ஹாலோ பிளாக் கல், இடுப்பு உயரம். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "மாட்டுக்குத் தொட்டியா கெட்டுறீக?" மாடு எங்கே இருக்கிறதாம்.

என் வீட்டுக்காரருக்கு முழங்கால் மடங்காது, தீப்பட்ட தோல் இழுக்கும். இதுவென்றால் நாற்காலியில் உட்கார்ந்தே கை எட்டும். மழைத் தண்ணீரும் வடிந்துவிடும், கரிசலில் கால் புதைய வேண்டாம். களை குறைவு. கோழி ஏறாது (பார்ப்போம்). எல்லாம் சரி, இவர் வெளியே வர வேண்டுமே. பட்டாசுக் கம்பெனியில் வெடித்த பிறகு வாசல் தாண்டியது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான்.

8, புதன்

செம்மண், மணல், மக்கின சாணம். தம்பி மண்வெட்டியால் கிண்டினான். கல்லில் பட்டு ணங்கென்று ஒரு சத்தம். உள்ளேயிருந்து இவர், "ஏலே, இரும்பைக் கீழ போடு."

"அத்தான், இது மண்ணு. வெடிமருந்து இல்ல."

வந்தே விட்டார். செருப்பில்லாமல். சட்டைப்பையில் தீப்பெட்டி எதுவும் இல்லையே என்று தட்டிப் பார்த்துக்கொண்டார், வேலைக்கு நுழையும்போது பார்ப்பாரே, அதே மாதிரி. பிறகு வெறுங்கையால் மண்ணைக் கலந்தார். கொஞ்சம் கொஞ்சமாக, அழுத்தாமல். எனக்குச் சந்தோஷம். பயமும்தான்.

10, வெள்ளி

கருப்பட்டி தீர்ந்துவிட்டது. இவர் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். காலை முழுக்கப் பாத்தியோரம்தான். தூரத்தில் எங்கேயோ சரம் வெடித்துப் பார்க்கிறார்கள், தீபாவளி சீசன். மண்ணுக்குள் விட்ட கை அப்படியே நின்றது.

காப்பி கொண்டுபோனபோது காதில் விழுந்தது: "நீ கொஞ்சம் தள்ளி உக்காரு." அங்கே யாரும் இல்லை.

கம்பெனியில் ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, அது விதி. அன்றைக்கும் நாலு பேர்தான். மூன்று பேர் போய்விட்டார்கள். வாசல் பக்கம் இருந்த இவர் மட்டும் வெளியே வந்து விழுந்தார். வந்துவிட்டார் என்றுதான் நானும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

12, ஞாயிறு

தூறல். தம்பி மிளகாய் நாற்று ஒரு கட்டு கொண்டுவந்தான். இவரே நட்டார், யாரையும் தொடவிடவில்லை. மூன்று மூலையில் மூன்று. வாசலைப் பார்த்த மூலை காலி.

இன்னொரு நாற்றை நீட்டினேன். "இங்கனயும் ஒண்ணு வைங்க."

வாங்கவில்லை. "நாலு பேருக்கு மேல ஆகாது."

"மூணுதான இருக்கு?"

காலி மூலையைக் கையால் தடவினார். "நான் இருக்கேன்லா."

மிச்ச நாற்றை டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன். மழை வலுத்துவிட்டது. சோறு ஆறிப்போயிற்று. ரெண்டு தடவை கூப்பிட்டேன், இன்னும் உள்ளே வரவில்லை.