துரைக்கு உப்பில்லா மீன்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே உன் அப்பாவும் நானும் சௌக்கியம், அதாவது படுக்கையில் விழும்படி இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. நீயும் அங்கே நல்லபடியாக இருப்பதாகத்தான் ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய், அதையே நம்பிக்கொள்கிறேன். துரைக்கு லேசான வயிற்றுக் கோளாறு, டாக்டரம்மா கொஞ்சம் பொறுத்துப் பயணச் சான்றிதழ் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று உன் அப்பா சொன்னார், நானும் பக்கத்தில் இருந்துகொண்டு ஆமாம் ஆமாம் என்றேன். அதில் பாதிகூட உண்மை இல்லை. போனை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பேசும்போது உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். உன் அப்பா முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், அங்கே நாலு பேராவது காத்திருப்பார்கள், எழுதி முடிக்க நேரம் இருக்கிறது. துரை மேஜைக்கு அடியில் என் கால்மேல் தலையை வைத்து, வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருக்கிறான்.

முதலில் மீன் சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன், என்றைக்காவது உனக்குத் தேவைப்படும். வெள்ளைச் சதையுள்ள மீனாகப் பார்த்து வாங்க வேண்டும், கொழுப்புள்ள மீன் ஆகாது. தலை, குடல், செதில், தோல் எல்லாம் போக வேண்டும். மீன் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், அவ்வளவுதான். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, மிளகு மஞ்சள் எதுவும் இல்லை, வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகவே ஆகாதாம், அது வதக்கிய சட்டியைக்கூட நன்றாகத் தேய்த்துக் கழுவச் சொன்னார் டாக்டரம்மா. சின்னத் தீயில் வைத்து, சதை தொட்டால் இதழ் இதழாகப் பிரியும்போது இறக்கி, ஆறவிட்டு, விரலால் தடவித் தடவி முள் எடுக்க வேண்டும், ஒரு தடவை எடுத்தது போதாது, இரண்டாம் தடவையும் தடவ வேண்டும். குழைந்த சோற்றில் பிசைந்து ஒரு நாளைக்கு நாலு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருபத்தாறு வருடம் பத்தியச் சாப்பாடு சமைத்தவள் நான், உப்பில்லாதம்மா என்றுதான் அங்கே எனக்குப் பெயர். என் சாப்பாட்டைச் சாப்பிட்டு என்னைத் திட்டாத நோயாளி கிடையாது. தட்டையும் நக்கிவிட்டு இன்னும் இருக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்தது துரை ஒருவன்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ ஊரைவிட்டுப் போன நாளிலிருந்து உன் அப்பாவும் நானும் பேசிக்கொள்வதில்லை. மூன்று வருடம் நாலு மாதம் ஆகிறது. உனக்குப் போனில் கேட்கிற பேச்சும் சிரிப்பும் இரண்டு பேரும் உனக்குத் தனித்தனியாகக் கொடுப்பது. மற்ற நேரத்தில் எல்லாம் துரை வழியாகத்தான். துரை, சோறு ஆறுதுன்னு சொல்லு என்று நான் சொல்வேன், அவர் எழுந்து வருவார். துரை, நாளைக்குத் தண்ணி வராதாம், பிடிச்சு வச்சுக்கச் சொல்லு என்று அவர் சொல்வார், நான் வாளியை எடுப்பேன். சண்டையும் அவனிடம்தான். இந்த மனுஷன் குளியலறைக் குழாயை மூடவே மாட்டாரா துரை என்று நான் கேட்க, மூடிட்டுத்தான் வந்தேன், வாஷர் தேஞ்சு போச்சுன்னு சொல்லு துரை என்று அவர் சொல்ல, பாவம் அவன் இவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வாலை ஆட்டுவான். ஒரு தடவை நகம் வெட்டிக் குளிப்பாட்ட அவனைக் கடையில் விட்டிருந்தோம், அந்த நேரம் பார்த்துக் கேஸ் தீர்ந்துவிட்டது. அதைச் சொல்ல ஆள் இல்லாமல் நானும், காப்பி ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இல்லாமல் அவரும், துரை திரும்பி வரும்வரை ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை.

ஏன் என்று கேட்பாய். உன் வேலை உத்தரவு தபாலில் வரத் தாமதம் என்று அப்போது நீ தபால் இலாகாவையே திட்டித் தீர்த்தாயே, அது தாமதமாக வரவில்லை. சரியான நாளில் வந்தது. உன் அப்பா வாங்கி, பீரோவில் படுக்கை விரிப்புகளுக்கு அடியில் ஒன்பது நாள் வைத்திருந்தார். முப்பத்தோரு வருடம் தபால் ஆபீஸில் ஊர்வாரியாகத் தபால் பிரித்த மனுஷன், ஊர் பேர் அழிந்துபோன கவரைக்கூட எப்படியாவது சேர வேண்டிய இடத்துக்குச் சேர்த்துவிடுவேன் என்று பெருமை பேசியவர், சொந்தப் பிள்ளைக்கு வந்ததை அமுக்கிவிட்டார். விரிப்பு மாற்றப் போனபோது என் கையில் அகப்பட்டது. இப்போதுதான் வந்தது என்று சொல்லி உன்னிடம் நான்தான் கொடுத்தேன். நீ குதித்தாய், தபால்காரங்களே சோம்பேறிங்க என்று அவர் முன்னாலேயே சொன்னாய், அவர் தலை நிமிராமல் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். நீ புறப்பட்டுப் போன அன்று சமையலறையில் வைத்துக் கேட்டுவிட்டேன். பெத்த பிள்ளையோட வாழ்க்கையைத் திருடப் பாத்தீங்களே, இனிமே உங்ககூட எனக்குப் பேச்சில்லை என்றேன். அனுப்பி வச்சவ நீ, எனக்கும் உன்கிட்ட பேச ஒண்ணுமில்லை என்றார். அவ்வளவுதான். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன், அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார், வீம்பில் இரண்டு பேரும் ஒருவருக்கு ஒருவர் சளைத்தவர்கள் இல்லை.

இந்த லட்சணத்தில்தான் துரையை அங்கே அழைத்துக்கொள்ளப் போகிறேன் என்று நீ சொன்னாய். பெட்டி என்ன அளவு, ஊசி அட்டை, டாக்டர் சான்றிதழ் என்று வரிசையாக அனுப்பினாய். மூன்று வருடத்தில் ஒரு தடவை வந்து எட்டிப் பார்க்க உனக்கு விடுமுறை கிடைக்கவில்லை, நாயை வரவழைக்க எல்லாம் கிடைத்தது. அப்பாவுக்கு இடது கண் மங்குகிறது என்று அன்று சொன்னேன், டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா என்று ஒரு வரி சொல்லிவிட்டு, துரை கழுத்திலிருந்து வால் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டாய். எனக்கு வயிறு எரிந்தது, இப்போதுதான் சொல்கிறேன். போனை வைத்த பிறகு உன் அப்பா, உன்னைக் கூட்டிட்டுப் போறாங்களாம்டா துரை என்று மட்டும் சொல்லிவிட்டு பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். அவன் போய்விட்டால் சோறு ஆறுகிறது என்று நான் யாரிடம் சொல்வேன் என்று அப்போது நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை.

சான்றிதழுக்கு வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் திங்கட்கிழமையிலிருந்து, உன் அப்பா காலையில் நடக்கப் போனதும், வெண்ணெயில் பொரித்த கோழித் தோலை துரைக்குக் கொடுத்தேன். தெரியாமல் கொடுக்கவில்லை. எந்த வயிற்றுக்கு எது ஆகாது என்று இருபத்தாறு வருடம் படித்தவள், நாலு நாள் வயிறு கெட்டுக் கிடப்பான், சான்றிதழ் தள்ளிப்போகும், அதற்குமேல் ஒன்றும் ஆகாது என்று அளந்துதான் கொடுத்தேன். வியாழக்கிழமை காலையில் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. வாந்தியில் ரத்தம். லிஃப்ட் வழக்கம்போல ஓடவில்லை. ஒரு விரிப்பில் கிடத்தி அந்தப் பக்கம் இரண்டு முனை அவர், இந்தப் பக்கம் இரண்டு முனை நான், மூன்று மாடியும் இறங்கினோம். அப்போதும், மெதுவா இறங்கச் சொல்லு துரை என்று விரிப்புக்குள் குற்றுயிராய்க் கிடந்தவனிடம்தான் சொன்னேன். உன் அப்பாவும், திருப்பத்துல பாத்து கால் வைக்கச் சொல்லுடா என்று அவனிடம்தான் சொன்னார்.

என்ன சாப்பிட்டான் என்று டாக்டரம்மா கேட்டார். மறைக்க எனக்குத் தைரியம் இல்லை, சொல்லிவிட்டேன், எவ்வளவு என்றும் சொன்னேன். இவ்வளவுக்கு இப்படி ஆகாதே என்றார். அப்போது உன் அப்பா சுவரில் மாட்டியிருந்த எடை அட்டவணையைப் பார்த்துக்கொண்டு, மத்தியானம் இவ தூங்கும்போது நானும் கொடுத்தேன், சாசேஜும் சீஸும், மூணு நாளா என்றார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே இருக்கீங்க, ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க மாட்டீங்களா என்று கேட்டார். சொல்வதென்றால் துரையிடம்தான் சொல்ல வேண்டும், அவன் மேஜைமேல் காலில் ஊசி ஏற்றிக்கொண்டு கிடந்தான். கணையம் வீங்கிவிட்டது, பிழைத்தால் உண்டு என்று சொல்லி இரண்டு நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அந்த இரண்டு நாளும் வீட்டில் ஒரு வார்த்தை இல்லை. நான் சமைத்து மேஜையில் வைப்பேன், அவர் தானாக வந்தால் வருவார், இல்லையென்றால் அது அப்படியே இருக்கும். மூன்று வருடமாக நான் மனதுக்குள் அவரைத் திருடன் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் மறைத்தது ஒரு காகிதத்தை. நான் ஒரு வாயில்லா ஜீவனைக் கொல்லப் பார்த்தேன், அதுவும் நம்பி என் கையிலிருந்து வாங்கித் தின்றதை. என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை துரையைத் திருப்பிக் கொடுத்தார்கள், உப்பில்லா மீன், குழைந்த சோறு, வேறு எதுவும் கூடாது என்ற கட்டளையோடு. உன் அப்பா தானாகப் போய் மீன் வாங்கிவந்தார். நான் வேகவைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்குக்கு நேராக உட்கார்ந்து முள் எடுத்தார். சதை ஒரு தட்டில், முள் ஒரு தட்டில், சந்தேகமானது தனியாக ஒரு கிண்ணத்தில், தபால் பிரித்த பழக்கம். சந்தேகக் கிண்ணத்தை மட்டும் என் பக்கம் தள்ளுவார், கண் தெரிகிறவள் நான்தானே, நான் தடவிப் பார்த்துச் சரியானதைச் சதைத் தட்டில் போடுவேன். துரை கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். அப்போது அவர் நேராக என் முகத்தைப் பார்த்து, உப்பு போடலையே என்று கேட்டார். என்னிடம் கேட்டார். மூன்று வருடம் நாலு மாதத்துக்குப் பிறகு. இல்லைங்க என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். கரண்டியோடு கூடத்துக்குப் போய், தூங்குகிறவன் பக்கத்தில் நின்று, போடலைன்னு சொல்லு துரை என்றேன். வாய் பழகிவிட்டது என்று சொன்னால் நீ நம்புவாய், ஆனால் அது மட்டும் இல்லை, மனசும் இறுகிப்போயிருந்தது. திரும்பி வந்தபோது அவர் முள் எடுத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. அன்று முதல் தினமும் கேட்பார் என்று காத்திருக்கிறேன், மீன் வேகும்போதெல்லாம் அடுப்படியில் தேவையில்லாமல் நின்றுகொண்டிருக்கிறேன்.

துரை தேறிவிட்டான். அடுத்த வாரம் காட்டப் போனபோதே டாக்டரம்மா சான்றிதழையும் கொடுத்துவிட்டார், பொறுத்துத் தருவார் என்று போனில் சொன்னது பொய். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து பத்து நாள்தான் அது செல்லும். வாங்கிவந்து பீரோவில் படுக்கை விரிப்புகளுக்கு அடியில் வைத்தேன், இந்தத் தடவை வைத்தது நான். மூன்றாம் நாள் துண்டு எடுக்கப் போன உன் அப்பா அதைப் பார்த்தார். எடுத்து நாளைப் படித்தார், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பீரோவை மூடினார். அது எங்கே இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், துரையிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. இன்று பதினோராவது நாள். அவன் உனக்கு வேண்டுமென்றால் நீயே வந்து புதிதாக ஒன்று வாங்கி, கையோடு அழைத்துக்கொண்டு போ, நான் தடுக்க மாட்டேன். நீ கேட்ட நீளம் அறுபத்திரண்டு சென்டிமீட்டர், டேப்பின் ஒரு முனையை அவர் பிடித்தார், ஒரு முனையை நான் பிடித்தேன்.

நன்றாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு, கடைச் சாப்பாட்டையே நம்பி வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. யாரோடாவது மனஸ்தாபம் வந்தால் படுக்கப் போவதற்குள் திட்டியாவது பேசிவிடு, நாள் விடாதே, விட்டால் பிறகு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் போய்விடும். நீ எங்கே இருந்தாலும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன், உன் அப்பாவும் அதைத்தான் நினைக்கிறார், என்னிடம் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தைப் பற்றிப் போனில் பேசாதே, பேசுவதென்றால் நேரில் வந்து பேசு. இன்னொன்று, அன்று துரையைத் தூக்கிக்கொண்டு இறங்கியதில் பிடித்த என் முழங்கால் இந்த வாரம் நன்றாக வீங்கிவிட்டது, இனி மாடிப்படி இறங்கவே கூடாது என்றிருக்கிறார்கள். அதனால் இதை ஒட்டி, தபால் பெட்டியில் போடச் சொல்லு துரை என்று சொல்லி, உன் அப்பா கையில்தான் கொடுக்கப் போகிறேன். இது உன் கைக்கு வந்து சேர்ந்திருந்தால், அவர் போட்டுவிட்டார் என்று தெரிந்துகொள்.

இப்படிக்கு,
உன் அம்மா