நசுங்கிய டிபன் டப்பா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது?

இங்கேயும் எழுவது, சாப்பிடுவது எல்லாம் ஆலைச் சங்குக்குத்தான். அதைக் கேட்டாலே, சாயங்காலச் சங்குக்கு உன்னைத் தேடி ஆலை வாசலுக்கு ஓடிவந்த ஞாபகம்.

செவ்வாய்க்கிழமை ஒரு சின்னச் சண்டை. பக்கத்துத் தறிக்காரி மயக்கம் வந்து, மதியச் சங்குக்கு முன்பே உட்கார்ந்துவிட்டாள். மேஸ்திரி அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளி, உதைக்கக் காலை ஓங்கினான்.

“அவ வாயும் வயிறுமா இருக்கா, விடுடா!” என்று கத்தினேன்.

“நீ யாருடி கேக்க?” என்று என் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். கைக்கு அகப்பட்ட டிபன் டப்பாவால் அவன் முகத்திலேயே அடித்தேன். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. அதற்குள் தறிகளை நிறுத்திவிட்டுப் பெண்கள் எல்லாரும் சூழ்ந்துகொள்ள, ஓடியே போய்விட்டான்.

அவளும் வயிற்றுப் பிள்ளையும் பத்திரம். எனக்கு ஒரு வாரம் வேலை கிடையாது. சங்கு ஊதினாலும் சொகுசாகப் படுத்திருக்கலாம்.

டப்பா நசுங்கிவிட்டது, வேறு அனுப்பு. உன் தலையணை உறை ஒன்றும் வேண்டும். துவைக்காமல் அனுப்பு.

தபால் எடுக்க ஆள் வந்தாயிற்று. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒருநாள் நீ ஆலையிலிருந்து கன்னம் வீங்கி வந்து, கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாய். நேற்று கண்ணாடியில் அதே வீக்கத்தைப் பார்த்தேன். மறைக்காமல் எழுது அம்மா, அன்று உன் பக்கம் யாராவது நின்றார்களா?

உன் மகள்