பொட்டு வைக்காத பெட்டி

சந்தனமும் டீசலும் கலந்தால் என்ன மணம் வரும் என்று யாராவது கேட்டால், அது பூசை நாளில் எங்கள் அம்மாவின் மணம் என்று சொல்லிவிடுவேன். இப்போது அந்த மணம் மூக்கில் ஏறி இருக்கிறது, அம்மா. வேலைத்தள வாசலில், நீங்கள் வழக்கமாக உட்கார்ந்த கதிரையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். உள்ளே ஆயுத பூசை. மடியில் அவல் பொட்டலம். பக்கத்தில் உங்கள் ஸ்பானர்கள் கிடக்கும் நீலச் சாமான் பெட்டி. நீங்கள் போன பிறகு வந்த முதல் பூசை இது.

அரசாங்கத்து ரோட்டு உருளை, கிறேடர், பவுசர் எல்லாம் பழுதாகிப் படுத்தால் எழுப்புகிற இடத்துக்குப் பொறுப்பாக ஒரு பெண் இருப்பதைப் பார்த்துப் புதுச் சாரதிமார் முழிப்பார்கள். முழிக்கிறவருக்கு முதல் கேள்வி உங்களிடம் இருந்துதான் போகும்: "கடைசியா எப்ப ஒயில் மாத்தினனீங்கள்?" அதோடு முழி உள்ளே போய்விடும். மற்றவர்களுக்கு நீங்கள் 'மிஸ்'. பள்ளிக்கூடத்து மிஸ்மாரைவிட என்னை அதிகம் பயப்பட வைத்த மிஸ்ஸும் நீங்கள்தான்.

பயந்தாலும் நான் சும்மா இருந்தேனா? ரோட்டு உருளையின் பின்பக்கத்தில் 'அவசர சேவை, முந்த வேண்டாம்' என்று வெள்ளைப் பெயின்றால் எழுதிவிட்டேன். சுன்னாகம் சந்தைவரை அது அப்படியே உருண்டு போய்ச் சனத்தைச் சிரிக்க வைத்துவிட்டு வந்தது. நீங்கள் பின்னால் நின்று நெடுநேரம் வாசித்தீர்கள். "எழுத்து வடிவா இருக்கு. கழுவேக்கையும் வடிவாக் கழுவு," என்றீர்கள். கழுவ மண்ணெண்ணெய் தந்ததும் நீங்கள்தான். ஆனால் அடுத்த கிழமைதான் தந்தீர்கள். அதுவரை அந்த எழுத்து ஓடட்டும் என்று நீங்கள் விட்டதை நான் கவனித்தேன்.

ஆயுத பூசை வந்தால் வேலைத்தளத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது. சாமான்கள் எல்லாவற்றையும் துடைத்து, சாமிப் படத்துக்கு முன்னால் அடுக்கி, பொட்டு வைத்துவிட்டால், மறுநாள் காலைவரை ஒருவரும் தொடமாட்டார்கள். உங்கள் நீலப் பெட்டி மட்டும் வாசலில் நிற்கும், நீங்களும் அதோடு நிற்பீர்கள். அன்றைக்கு ஏதாவது வாகனம் படுத்தால் பார்க்க ஒரு வேதக்காரக் கை, சேர்ச்சுக்குப் போகிற கை, வேண்டும் அல்லவா? நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த நாளில், அவர்கள் உங்களுக்காக நிற்பார்கள், பூசைக்கு நீங்கள் அவர்களுக்காக நிற்பீர்கள். இதைப் பற்றி ஒருவரும் பெரிதாகக் கதைத்ததில்லை.

போன வருடம் அதுதான் குழம்பியது. வெல்டிங் வேலைக்குப் புதிதாக வந்த நந்தன் அண்ணை, எல்லாச் சாமானும் மரியாதையாக உள்ளே இருக்க மிஸ்ஸின் பெட்டி மட்டும் அநாதை மாதிரி வெளியில் கிடக்கிறதே என்று மனம் தாங்காமல், அதையும் தூக்கிக்கொண்டு போய்ப் படத்தடியில் வைத்து, மாலை போட்டு, மற்றப் பெட்டிகளைவிடப் பெரிய பொட்டும் வைத்துவிட்டார். ஐயரும் தீபம் காட்டி முடித்துவிட்டார். நான் அவல் தின்கிற அலுவலில் இருந்தபடியால் எனக்கும் தெரியாது.

அப்போதுதான் தண்ணீர் பவுசரை ஒரு உழவு ரக்ரர் வாசலுக்கு இழுத்து வந்தது. கொடிகாமத்துக்கு அங்கால், கிணறெல்லாம் உப்பாகிப்போன கரையோர ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுபோன பவுசர். டீசல் குழாயில் காற்றுப் பிடித்து, பவுசரின் பவுசெல்லாம் போய் நின்றது. விடியத் தொடக்கம் சனம் தண்ணீர் பிடிக்கிற கானோடு நிற்பதாகவும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இந்தத் தண்ணீர்தான் என்றும் சாரதி சொன்னார். வேறு பவுசரும் கைவசம் இல்லை.

நீங்கள் பெட்டியைத் தேடினீர்கள். எல்லாருடைய கண்ணும் படத்தடிக்குப் போனது. நந்தன் அண்ணையின் முகத்தில் இருந்த சந்தனம் மட்டும்தான் நிறம் மாறாமல் இருந்தது என்று சொல்லலாம், மற்றதெல்லாம் வெளிறிவிட்டது.

"தெரியாமல் வைச்சுப்போட்டன், மிஸ். உங்கடைதானே, எடுங்கோ."

எடுத்திருக்கலாம். ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் மாலையைப் பார்த்தீர்கள், அவரைப் பார்த்தீர்கள்.

"நீ கும்பிட்டு வைச்சதை நான் எப்பிடி எடுக்கிறது? வடிவாத்தான் வைச்சிருக்கிறாய். இருக்கட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பி, வேதக்காரர் வீடுகளுக்குச் சைக்கிளை விடச் சொன்னீர்கள். அன்றைக்குக் கராச், ஓட்டோ, தச்சுப்பட்டறை என்று ஊரில் எல்லா ஸ்பானரும் பொட்டோடு இருந்தன. நான் நேரே பாஸ்டர் வீட்டுக்குப் போய், "பாஸ்டர், ஆயுத பூசைக்கு ஒரு ஸ்பானர் தருவியளே?" என்றேன். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விசயத்தைச் சொன்னதும் ஜெனரேற்றருக்கு வைத்திருந்த துருப்பிடித்த ஸ்பானரை எடுத்துத் தந்தார்.

அது நோவாவின் பேழையை இறுக்கிய ஸ்பானராக இருக்கவேண்டும். பவுசருக்குக் கீழே நீங்கள் அதைப் பிடித்துத் திருப்ப, அது வழுக்கி விரல் மூட்டைச் சீவியது. நட்டு இளகியது. ஆனால் ஒரு கையால் நட்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் டீசல் ஏற்றுகிற பம்பை அடிக்க எட்டவில்லை. ஆரையும் நீங்கள் கூப்பிடவில்லை. மூத்த மெக்கானிக் சிவம் அண்ணை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சால்வையை இடுப்பில் கட்டினார்.

"சாமானைத்தான் தொடக்கூடாது, மிஸ். என்ரை கையை ஆரும் படத்தடியிலை வைக்கேல்லை."

அவர் கையால் பம்ப் அடிக்க, குமிழி குமிழியாகக் காற்று வெளியேறியது. நீங்கள் நட்டை இறுக்கினீர்கள். மற்றவர்கள் வெறுங்கையால் பின்னால் தள்ள, பவுசர் இருமி, துப்பி, கிளம்பியது. நந்தன் அண்ணை தள்ளிய தள்ளில் அது கொடிகாமத்துக்கு இயந்திரமில்லாமலே போயிருக்கும்.

வீடு திரும்பும்போது, பெட்டியை எடுத்திருந்தால் கெதியாய் முடிந்திருக்குமே என்று கேட்டேன். விரலில் துணி சுற்றியபடி சொன்னீர்கள்: "நாளைக்கும் அவையோடைதானே நான் வேலை செய்யோணும்."

நீங்கள் மாசியில் கண்ணை மூடினீர்கள். இன்று காலை நந்தன் அண்ணை எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றார். பூசைக்கு அழைக்க வந்தார் என்று நினைத்தேன். "தம்பி, பெட்டி வேணும். வெளியிலை வைக்க," என்றார். போக எட்டு வைத்தவர் திரும்பி, "பெட்டியோடை ஒராளும் வேணும்," என்றார். உயர்தரத்துக்குத் தொழினுட்பம் படிக்கிற எனக்கு இதுவரை காற்று எடுக்கத் தெரிந்தது சைக்கிள் ரயரில், அதுவும் மற்றவர்களுடைய சைக்கிளில். அதை அவரிடம் சொல்லவில்லை. வந்துவிட்டேன்.

பெட்டியின் மேல்தட்டில் பாஸ்டரின் ஸ்பானர் கிடக்கிறது. ஞாயிறுதோறும் கேட்கிறார், கொடுக்க மனமில்லை.

சற்று முன் சிவம் அண்ணை எல்லாருக்கும் சந்தனம் கொண்டுவந்தார். எனக்கு நீட்டும்போது ஒரு துளி தவறிப் பெட்டி மூடியில் விழுந்தது. அவர் பதறிப்போய்க் குனிந்து, தன் சால்வைத் தலைப்பால் அதைத் தடயமில்லாமல் துடைத்தார். பிறகு ஒருமுறை உற்றுப் பார்த்து, மறுபடியும் துடைத்தார்.

இதைவிடப் பெரிய பொட்டு உங்களுக்கு ஆரும் வைக்கமாட்டார்கள், அம்மா. பெட்டி வெளியில்தான் இருக்கிறது. நானும்.