‘ஆங்’ என்ற சொல்லுக்கு இரண்டு கட்டங்கள்

இன்று காலை திருத்தணி பேருந்து நிலையத்தில் என் பக்கத்தில் இருந்தவர், கைபேசியில் யாருக்கோ “ஆங்... ஆங்...” என்று சொல்லிக்கொண்டே முறுக்கு தின்றுகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே உங்கள் நினைவும் வந்தது, மேடம்.

துண்டு நெய்யும் எங்கள் கம்பெனிக்கு மேலாளராக வந்த நீங்கள் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். நான் வேலை அட்டவணை போடுகிறவன். ஒரே கொட்டகையில் ஓடிய விசைத்தறிகளை அம்மையார்குப்பத்தில் நெசவாளர் வீடுகளுக்கே மாற்றிய சமயம் அது. அதுவரை தறிகளுக்கிடையே நடந்து, முகம் பார்த்து வேலை சொன்னவன் நான். அதன்பின் எல்லாம் போனில்தான்.

சென்னையிலிருந்து அவசர ஆர்டர் வந்தது. திங்கள் முதல் காலை ஐந்து மணிக்கே தறி ஓட வேண்டும் என்று இருபத்திரண்டு வீடுகளுக்கும் போன் செய்தேன். எல்லோரும் “ஆங்” என்றார்கள். நோட்டில் இருபத்திரண்டு டிக் போட்டுக் காட்டினேன். அதை நம்பிச் சென்னைக்குத் தேதி கொடுத்தீர்கள்.

திங்களன்று காலை ஐந்து மணிக்கு ஓடியவை மூன்றே தறிகள்.

“யாரு பண்ண வேல இது?” என்று முதலாளி கத்தினார். நான் ஓய்வு பெற நான்கு வருடம் இருந்தது. அந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? நோட்டு என் கையில்தான் இருந்தது.

“தேதி குடுத்தது நான்தான் சார்” என்றீர்கள்.

அன்றே என்னையும் கூட்டிக்கொண்டு அம்மையார்குப்பம் போனீர்கள். முதல் வீட்டு அம்மாள் சொன்னார்: “அஞ்சு மணிக்குத்தான் சார் கொழாயில தண்ணி வருது. கொடத்த வெச்சிகினு நிப்பனா, தறி ஓட்டுவனா?”

“போன்ல ஆங்னு சொன்னீங்களேம்மா?”

“நீங்க பேசிகினே இருந்தீங்க, நான் கேட்டுகினே இருந்தேன்!”

தெருவே சிரித்தது. நீங்களும்தான். திரும்பும்போது சொன்னீர்கள்: “ஆங்னா காதுல வுழுதுன்னு அர்த்தம், அண்ணா. சரின்னு நாமளா எழுதிக்கினோம்.” எழுதியது நான். நீங்கள் ‘நாம’ என்றீர்கள்.

பிறகு நேரத்தை வீடுகளிடமே விட்டீர்கள். வாரத்துக்கு எவ்வளவு முடியும் என்று அவர்கள் சொல்ல, அதை வைத்துச் சென்னையில் பேசி, சரக்கை இரண்டு தவணையாக அனுப்ப ஒப்புதல் வாங்கினீர்கள். நேரம் எழுதாத அட்டவணை நிற்குமா என்று பயந்தேன். நின்றது. அன்றுமுதல் என் நோட்டில் இரண்டு கட்டங்கள்: ‘கேட்டார்’, ‘ஒப்பினார்’. இப்போதும் மகனிடம் போனில் ஒன்றைச் சொன்னால், “உனக்குத் தோதுப்படுமா?” என்று இன்னொரு தரம் கேட்கிறேன்.

மருத்துவமனையிலிருந்து கடைசியாகப் பேசினீர்களே, “ஒடம்பப் பாத்துக்குங்க அண்ணா” என்று. என் வாயிலிருந்து “ஆங்” மட்டும்தான் வந்தது.

“எந்தக் கட்டத்துல போட்டுக்கட்டும்?” என்று சிரித்தீர்கள்.

அன்று முதலாளி அறையில் சொல்லியிருக்க வேண்டிய நன்றியையும் அப்போது சொல்லத் தைரியம் வரவில்லை. அந்த ‘ஆங்’கை இரண்டாவது கட்டத்தில் போட்டுக்கொள்ளுங்கள், மேடம்.