சும்மா ஒரு கையெழுத்து

கிள்ளான், மலேசியா,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஷாமினிக்கு அம்மா எழுதுவது. உடம்புக்கு எங்கள் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீயும் மாப்பிள்ளை ஜீவனும் பெர்த்தில் சுகமாக இருக்க வேண்டும் என்று நம் பெருமாளைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். போனில் பேசலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார், அதனால்தான் அங்கே வரும் உன் தோழி கார்த்திகாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பூச்சோங் கல்யாணத்தில் நம் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றால் போனது உனக்குத் தெரியும், இப்போது பெண் வீட்டார் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார்கள். நம் கேட்டரிங் அப்பா பெயரில் வெறும் எண்டர்பிரைஸாகப் பதிவானதால் தொழில் வேறு ஆள் வேறு என்று சட்டம் பார்க்காதாம், தோற்றால் வீடு வரைக்கும் வரலாம் என்று கணக்குப் பார்க்கும் யுகேந்திரன் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அப்பாவுக்கோ அதைவிட வரிதான் பெரிய துக்கம். லாபம் முழுக்க சொந்த வருமானமாகப் போய் வரி ஏறுகிறது, சென்டிரியான் பெர்ஹாட் என்கிற பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றினால் வரியும் குறையும் வீடும் தப்பும் என்று துள்ளினார். யுகேந்திரன், “அங்கிள், புது கம்பெனி இனிமே வர்றதுக்குத்தான் லா, பழைய கேஸ் உங்க தலையிலதான் நிக்கும்” என்றான். வருஷா வருஷம் கம்பெனி செக்ரட்டரிக்கும் ஆடிட்டுக்கும் அழ வேண்டும், கல்லாவில் கையை விட்டுப் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போக முடியாது என்று அவன் சொன்னபோது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனாலும் மாற்றத்தான் வேண்டும், அதில் எனக்கும் சம்மதம்தான்.

வினை எங்கே வந்தது தெரியுமா, உன் பெயரில். இவருக்கு ஏழரைச் சனியாம், உன் ராசிக்குத் தொட்டதெல்லாம் துலங்குமாம், முதல் வேனை உன் பெயரில் வாங்கிய பிறகுதான் தொழில் ஓடியதாம். அதனால் புது கம்பெனிக்கு உன்னையும் ஒரு டைரக்டராகப் போட ஏற்பாடு செய்துவிட்டார். அது போகட்டும் என்று விட்டிருப்பேன். இப்போது புது வேனுக்கும் குளிர்பெட்டிக்கும் கடன் கேட்டால் பேங்கில் டைரக்டர்கள் எல்லாரும் சொந்த ஜாமீன் போட வேண்டும் என்கிறார்கள். கம்பெனி கட்டாவிட்டால் கையெழுத்துப் போட்டவர் கட்ட வேண்டும். அப்புறம் கம்பெனி எதற்கடா என்று யுகேந்திரனைக் கேட்டேன், “சின்ன கம்பெனின்னா பேங்க் அப்படித்தான் கேக்கும் ஆன்டி” என்று சிரிக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சும்மா ஒரு கையெழுத்துதானே என்று அந்த ஜாமீன் தாளை அப்பா உனக்கு அனுப்பியிருப்பார். நீங்கள் அங்கே வீடு வாங்கப் போகிற நேரத்தில் உன் தலையில் எதற்கு இன்னொரு கடன் என்று சண்டை போட்டேன். “என் புள்ளைய நானே மாட்டி விடுவேனா?” என்று குரல் உடைந்துபோய்க் கேட்டார். மாட்டி விடமாட்டார், எனக்குத் தெரியாதா? அவர் நினைத்தா பூச்சோங்கில் கோழி கெட்டுப்போனது?

அதனால் நேற்று செக்ரட்டரி ஆபீசுக்குப் போய் உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடச் சொன்னேன். அங்கிருந்தே பேங்குக்குப் போய் ஜாமீனிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்த வீட்டில் பாதி என் பெயரில்தானே இருக்கிறது. ராசியில்லாத கை என்று அப்பா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், இத்தனை வருஷம் இந்தக் கைதான் சாம்பார் வைத்தது என்று சொல்லிவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது ஷாமினி, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். எங்களிடம் இருந்தது எல்லாம் இப்போது பேங்க் பார்வைக்குள் வந்துவிட்டது, உன்னுடையதாவது உன்னிடம் இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்கு ஓடாதே. இருவரும் நூறு வயசு நன்றாக இருங்கள். அப்பா போன் செய்தால் கோபப்படாதே, பாவம். அவர் அனுப்பிய தாளை முதலில் கிழித்துப் போடு, அதற்குப் பிறகு மாப்பிள்ளையிடம் சொல். முன்னால் சொன்னால், நல்ல மனுஷன், மாமா கேட்கிறாரே போட்டுவிடு என்பார்.

உன் அம்மா,
சீதாலெட்சுமி தம்புசாமி