வாசலில் வைத்துவிட்டுப் போன மாங்கன்று

என் அன்பு மதினி,

உங்கள் மரம் இந்தச் சித்திரையில் காய்த்துவிட்டது. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் உயரத்தில் கொத்தாகத் தொங்குகிறது. எதிர்வீட்டு முத்துப்பேச்சி அக்கா வந்து அண்ணாந்து பார்த்தார்கள். "எடுத்துட்டுப் போங்கக்கா" என்று ஒரு காயை நீட்டினேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆரப்பாளையம் தாண்டி இந்த வீட்டைக் கட்டியபோது, கிணற்றுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே கொஞ்சம் மண்தான் மிஞ்சியது. தாயில்லாத தம்பியை, என் வீட்டுக்காரரை, பேரையூரில் ஒற்றை ஆளாக வளர்த்துப் படிக்கவைத்த நீங்கள், கடைசிக் காலத்தில் எங்களோடு இருக்க வந்தீர்கள். வந்த அன்றைக்கே அந்த மண்ணைக் கால் விரலால் கிளறிப் பார்த்து, "இதுல ஒரு மா வைக்கலாம்டா" என்றீர்கள். நானோ கொடைக்கானலில் வாங்கிய சால்வியா விதையை அதே இடத்துக்காக எடுத்துவைத்திருந்தேன். முழங்கால் உயரச் செடி, உச்சியில் கதிர் கதிராகக் குங்குமச் சிவப்பில் பூ. அந்தப் பேர் உங்கள் வாயில் நுழையவில்லை. கடைசிவரை அது உங்களுக்குச் சால்வைச் செடிதான்.

"உன் சால்வைச் செடி பனிக்காலத்துல பூக்கும், சித்திர வெயிலுக்குச் செத்துப்போகும். வருசா வருசம் சாகுறத எதுக்கு வீட்டுல வைக்கணும்?"

"உங்க மாமரம் காய்க்கிறதுக்குள்ள எனக்கு நரை விழுந்துரும் மதினி."

"ஒட்டுக்கன்னு வச்சா எம்புட்டு நாளாகப் போகுது? நிழலு இருக்கும். நாம போனாலும் அது நிக்கும்."

"அந்த நிழல்ல என் செடி ஒண்ணுகூடப் பூக்காதே."

இப்படி நாம் பேச ஆரம்பித்தால் உங்கள் தம்பி பேப்பரால் முகத்தை மூடிக்கொள்வார். உங்கள் பக்கமும் பேசமாட்டார், என் பக்கமும் பேசமாட்டார்.

முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. பிறகு எனக்கு அது பிடிவாதமாகிவிட்டது. ஏன் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்தபோது என் வயிற்றில் தங்கியது கலைந்துபோனது. தங்கியிருந்த சேதியே அவருக்குத் தெரியாது. வந்ததும் நேரில் சொல்லலாம் என்றிருந்தேன். அவர் வந்தபோது சொல்ல எதுவும் மிச்சமில்லை. உங்கள் மடியில் படுத்து அழுதேன். காத்திருந்து கிடைக்கிற எதுவும் எனக்கு வேண்டாம் மதினி, சீக்கிரம் பூக்கிற ஏதாவது போதும் என்றேன். என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். நீங்கள் அதை யாரிடமும் சொல்லவில்லை. மாமரப் பேச்சையும் விடவில்லை.

அன்று ஆடி வெள்ளி. விடிந்ததும் குளித்து, அழகர்கோவிலுக்குக் கிளம்பினீர்கள். நானும் வாரேன் என்றேன்.

"நீ வேணாம். வந்தா அங்கயும் பூச்செடிதான் பாப்ப. சாமியக் கும்பிட்டு, அப்படியே ஒரு கன்னு வாங்கிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவேன்."

மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். தெருவிலிருந்து முத்துப்பேச்சி அக்காவின் சத்தம் கேட்டது. "ஏத்தா சரோசா, உங்க மதினி இந்த வெயில்ல கேட் கிட்ட நிக்குது. தொறக்கமாட்டியா?"

ஓடினேன். கேட் சாத்தியிருந்தது. யாருமில்லை. வெளியே, சுவரோரம் ஒரு மாங்கன்று இருந்தது. வேரைச் சுற்றிக் கட்டிய சாக்கு ஈரமாக இருந்தது. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன். வெயிலைத் தவிர ஒன்றுமில்லை.

"இப்பத்தான் கீழ வச்சுச்சு. கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல" என்றார் அக்கா. கடைக்குப் போயிருப்பீர்கள் என்று நினைத்து, உங்கள் தட்டில் சோற்றைப் போட்டு மூடிவைத்தேன்.

சாயந்தரம் அவர் வந்தார். கூட ஆபீஸ் ஆட்கள் இருந்தார்கள். காலையில் அழகர்கோவிலில் பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே நீங்கள் சாய்ந்து, அங்கேயே மூச்சு நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். கோவிலுக்குள் போகவில்லை. கன்று விற்கிற பக்கம் போகவே இல்லை. பையில் இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து ஆளைத் தேடிப்பிடிக்க அவ்வளவு நேரமாகியிருக்கிறது. எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்த முத்துப்பேச்சி அக்கா அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்படியானால் வாசலில் வைத்தது யார் மதினி?

காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள், கன்றை வைகையில் விட்டுவிடச் சொன்னார்கள். அவர் யார் பேச்சையும் கேட்கவில்லை. நான் நாற்று விட்டிருந்த சால்வியாப் பாத்தியைக் கொத்திப் போட்டுவிட்டு அதன் நடுவில் நட்டார். நான் தடுக்கவில்லை. அன்றைக்கு எந்தச் செடியின் மேலும் எனக்கு ஆசையில்லை.

அதுவரை ஒரு செம்புத் தண்ணீர்கூடச் செடிக்கு ஊற்றாத மனிதர், காலையில் எழுந்ததும் கன்றின் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தார். முதலில் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு பேசினார். துக்கம், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் உள்ளே வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் ஊர்ல இல்லாதப்ப நமக்கு ஒண்ணு தங்கிக் கலஞ்சுச்சாமே. ஏன் சரோஜா எங்கிட்டச் சொல்லல?"

கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன். "யார் சொன்னா?"

"அக்கா சொல்லுச்சு."

"எப்ப?"

"இப்பத்தான்."

அன்றைக்கு அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். இத்தனை நாள் சுமந்தது இறங்கியது போலத்தான் இருந்தது. ஆனால் அவர் தோளுக்கு மேலாக ஜன்னல் வழியே அந்தக் கன்று தெரிந்தது மதினி.

அதன்பிறகு ஆபீஸுக்கு ஒழுங்காகப் போகவில்லை. சாப்பாட்டைக் கன்றுக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார். நான் ஏதாவது கேட்டால், பக்கத்தில் யாரோ பேசுவதைக் கேட்டு முடித்துவிட்டுப் பதில் சொல்கிறவர் மாதிரி கொஞ்சம் தாமதித்துச் சொல்வார். இளைத்துப்போனார். கன்று மட்டும் செம்பு நிறத்தில் தளிர்விட்டுக்கொண்டே இருந்தது.

தை மாதம் ஒரு மத்தியானம். வெள்ளைச் சட்டை போட்டு, தலைசீவி, செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"அழகர்கோவிலுக்கு. பஸ்ஸுக்கு நேரமாச்சாம். அக்கா கூப்பிடுது."

நான் கேட்டைப் பூட்டினேன். பிறகு நேரே உங்கள் கன்றுக்கு முன்னால் வந்து நின்றேன். அன்றைக்கு நான் பேசியது உங்கள் காதில் விழுந்திருக்கும்.

"மதினி, இவரு வரமாட்டாரு. நீங்க வளத்த புள்ளதான், இல்லங்கல. ஆனா கையப் புடிச்சு எங்கிட்டத் தந்தது நீங்கதான. தந்ததத் திரும்பக் கேக்கலாமா? எனக்கு வேற யாரு இருக்கா? விட்ருங்க மதினி."

காற்றே இல்லை. கிணற்றடியில் கத்திக்கொண்டிருந்த தவிட்டுக்குருவிகள் சட்டென்று அடங்கின. கன்றின் உச்சிக் கிளை, உட்கார்ந்திருந்த பறவை எழுந்து போனால் ஆடுமே, அப்படி ஒருமுறை தாழ்ந்து நிமிர்ந்தது. அதில் எந்தப் பறவையும் இல்லை.

பின்னால் திரும்பினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். "அக்கா போயிருச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பசிக்குது சரோஜா" என்றார். வீட்டுக்குள் வந்து, தரையில் உட்கார்ந்து, இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் ஆபீஸுக்குப் போனார்.

அதன்பிறகுதான் கன்றைச் சுற்றி மறுபடி சால்வியா விதைத்தேன். மரம் சிறிதாக இருந்த வருஷங்களில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. பனிக்காலத்தில் உங்கள் மரத்தின் கால்மாட்டில் என் பூக்கள் சிவப்பாக நிற்கும். இப்போது நிழல் கவிந்துவிட்டது. நான் சொன்னபடியே அங்கே ஒன்றும் பூப்பதில்லை. செடிகளைத் தொட்டியில் வைத்து வாசல் பக்கம் கொண்டுபோய்விட்டேன். வருஷா வருஷம் சாகத்தான் செய்கின்றன. வருஷா வருஷம் விதைக்கிறேன். உங்கள் மரம் எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறது, ஒன்றையும் மறப்பதில்லை. என் செடி போய்விட்டுப் புதிதாக வருகிறது. எது நல்லது என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை மதினி. மரத்தடியில் உட்கார்ந்து கீரை ஆயும்போது சுகமாகத்தான் இருக்கிறது.

இத்தனை காலம் எழுதாதவள் இன்றைக்கு ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நேற்று அவர் மரத்தடியில் நின்று காய் பறித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். திடீரென்று கையை நிறுத்தி, மேலே கிளைகளுக்குள் பார்த்து, சிரித்த முகத்தோடு, "இந்தா வாரேன்" என்றார்.

நான் கூப்பிடவில்லை மதினி.

என்னவென்று கேட்டேன். "நீதான கூப்பிட்ட?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி முழுக்க அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

உங்களுக்கு அங்கே தனியாக இருக்கும். எனக்குப் புரிகிறது. தம்பி குரலைக் கேட்க ஆசையாகவும் இருக்கும். பேச வாங்க, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூட்டிக்கொண்டு போகமட்டும் வராதீர்கள். துணைக்கு ஆள் வேண்டியே தீரும் என்றால், முதலில் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். போட்ட வேலையைப் போட்டபடி விட்டு, ஒரு எதிர்ப்பேச்சும் பேசாமல் வந்துவிடுகிறேன். இது சத்தியம்.

உங்கள் தம்பியின் மனைவி,
உங்களிடம் சண்டை போட ஆளில்லாமல் இருக்கும்
சரோஜா